ரீசெட் செய்யச் சொல்லும் முன்: ஸ்மார்ட்வாட்ச் செயலி செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

ஸ்மார்ட்வாட்சுகளையும் அவற்றின் உடற்பயிற்சிச் செயலிகளையும் உருவாக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றுக்கு உதவிப் பக்கங்கள் எழுதுவோருக்கும்,

வணக்கம்.

உங்கள் உதவிப் பக்கங்களின் வரிசை எனக்கு மனப்பாடம். ப்ளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். வாட்சை அணைத்து எழுப்புங்கள். செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள். அதற்கும் சரிவரவில்லையா, வாட்சில் இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதுபோல் ஆக்கும் ஃபேக்டரி ரீசெட். காலடிகள் ஏறவில்லை என்றாலும் இதுதான், இதயத்துடிப்பு தாறுமாறாகக் காட்டினாலும் இதுதான், ஓடிய வழி வரைபடத்தில் ஏரிக்குள் விழுந்திருந்தாலும் இதுதான். என்ன நோய் என்று கேட்காமலே ஒரே கஷாயத்தை ஊற்றிக் கொடுக்கும் வைத்தியம் இது. சில நேரம் குணமாகியும் விடுகிறது, அதுதான் சிக்கல். எதனால் குணமானது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது.

நான் பொறியாளர் அல்ல. சுற்றியிருப்பவர்கள் "இது ஏன் இப்படிக் காட்டுது, கொஞ்சம் பாரேன்" என்று கையிலிருந்து கழற்றிக் கொடுக்கும் வாட்சுகளைப் பார்த்துக் கொடுக்கும் ஆள். அந்தப் பழக்கத்தில் எனக்குப் புரிந்ததைச் சொல்லி ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மடல். கோளாறு எந்த இடத்தில் என்பது பெரும்பாலான நேரம் உங்கள் செயலிக்குத் தெரியும். அதை அது எங்களிடம் சொல்வதில்லை. சொல்ல வையுங்கள்.

ஒரு காலடி மணிக்கட்டிலிருந்து திரைக்கு வரும் வழி நீளமானது. வாட்சின் சென்சார் அசைவை உணர வேண்டும். நினைவகம் அதைச் சேமிக்க வேண்டும். ப்ளூடூத் வழியாக அது போனுக்குப் போக வேண்டும். போனில் இருக்கும் செயலி அதை வாங்கி உங்கள் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து இன்னொரு உடல்நலச் செயலிக்கும் போக வேண்டியிருக்கலாம். இதில் எது அறுந்தாலும் எங்களுக்குக் கிடைப்பது ஒரே வாசகம்: "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்."

யாராவது வாட்சைக் கொடுத்தால் நான் முதலில் கேட்பது, வாட்சின் திரையில் எத்தனை காலடி, போனில் எத்தனை என்றுதான். வாட்சில் சரியாக இருந்து போனில் குறைந்தால் சென்சாரில் பழுதில்லை, சிங்க் ஆகவில்லை, அதாவது வாட்சில் இருப்பது போனுக்குப் போய்ச் சேரவில்லை. வாட்சிலேயே குறைந்தால் ப்ளூடூத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டும் பயனில்லை. இந்த ஒரு ஒப்பீட்டை உதவிப் பக்கத்தின் முதல் வரியாக ஏன் எழுதுவதில்லை?

சிங்க் ஆகாமல் போவதற்குப் பின்னால் பெரும்பாலும் ஏதோ ஓர் அனுமதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, அருகில் இருக்கும் ப்ளூடூத் கருவியைத் தேடவே செயலிக்கு இருப்பிட அனுமதி வேண்டியிருந்தது. காலடி எண்ணும் செயலிக்கு என் இருப்பிடம் எதற்கு என்று மறுத்தவர் செய்தது நியாயமான காரியம். ஆனால் அவருடைய வாட்ச் போனோடு இணையவே இல்லை, காரணமும் திரையில் வரவில்லை. 2018 ஜனவரியில், ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலி தன் பயனர்கள் போன வழிகளையெல்லாம் சேர்த்து வெளியிட்ட வெப்ப வரைபடத்திலிருந்து ராணுவத் தளங்களின் உள்பாதைகளை ஆட்கள் படித்துக் காட்டினார்கள். அதைக் கேள்விப்பட்டவர்கள் இருப்பிடத்தை மறுக்காமல் என்ன செய்வார்கள்? ஆண்ட்ராய்டு 12-இல், 2021-இல்தான், 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று அது தனி அனுமதியானது. அதற்கு முன்பே, ஆண்ட்ராய்டு 10-இல், காலடி எண்ணிக்கையைப் படிக்க 'உடல் செயல்பாடு' என்ற அனுமதி தனியாக வந்துவிட்டது. அதை ஒருமுறை மறுத்தால் போனின் கணக்கு பூஜ்யத்தில் நிற்கும். ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதங்கள் திறக்கப்படாத செயலியின் அனுமதிகளை இயங்குதளமே திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். வாட்சையே பார்த்துக்கொண்டிருப்பவர் போனில் செயலியைத் திறக்காமல் மாதக்கணக்கில் இருப்பது சகஜம்தானே.

இதோடு பேட்டரிச் சிக்கனம் வேறு. திரை அணைந்து போன் அசையாமல் கிடந்தால் பின்னணி வேலைகளை ஒத்திப்போடும் வசதி ஆண்ட்ராய்டு 6-இலேயே வந்துவிட்டது. போன் தயாரிப்பாளர்கள் சிலர் அதற்கு மேல் தங்கள் கைச்சரக்கையும் சேர்த்து, உங்கள் செயலியை முழுவதுமாகவே நிறுத்திவிடுகிறார்கள். இரவெல்லாம் சிங்க் ஆகாமல், காலையில் செயலியைத் திறந்ததும் மளமளவென்று ஏறினால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். தனக்கு எந்த அனுமதி இருக்கிறது, கடைசியாக எப்போது வாட்சோடு பேசியது, பேட்டரிக் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதையெல்லாம் செயலியே இயங்குதளத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். "உடல் செயல்பாடு அனுமதி இல்லை, அதனால் காலடி வரவில்லை" என்று ஒரு வாக்கியம் எழுத என்ன தடை?

சென்சார் பக்கம் வருகிறேன். இங்கேதான் பழுது எது, பழுதில்லாதது எது என்ற குழப்பம் அதிகம்.

வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடி நாளங்களில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது வாட்ச். பட்டை தளர்ந்திருந்தால் வெளிவெளிச்சம் உள்ளே புகும். பச்சை குத்திய தோலில் மை ஒளியை மறைக்கும். குளிரில் தோலின் நாளங்கள் சுருங்கிவிடும். எடை தூக்கும்போது மணிக்கட்டு மடங்கி வாட்ச் தோலிலிருந்து எழும். இவற்றில் எதற்கும் ரீசெட் மருந்தல்ல. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே ஏற்றி, பயிற்சி நேரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாலே பல வாட்சுகள் ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன.

ஓடுபவர்களை ஏமாற்றும் கோளாறு இன்னொன்று உண்டு. ஓடும்போது நிமிடத்துக்கு 160 முதல் 180 அடிகள் வரை விழுவது வழக்கம். கையின் அந்தச் சீரான குலுக்கலை வாட்ச் சில வேளை துடிப்பென்றே எடுத்துக்கொள்ளும். இப்போதுதான் மெதுவாக ஓடத் தொடங்கியவருக்கு, மூச்சே வாங்காதபோது, துடிப்பு 170 என்று குதித்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அவர் பயந்து மருத்துவரைத் தேடுவார், அல்லது வாட்சைத் திட்டுவார். அடி எண்ணிக்கையும் துடிப்பு எண்ணிக்கையும் ஒரே கோட்டில் ஒட்டிப் போவது உங்கள் மென்பொருளுக்குத் தெரியாமலா இருக்கிறது? இரண்டு சென்சாரும் உங்களிடம்தான் இருக்கின்றன. அந்த நேரத்துக் கோட்டை மங்கலாக்கி, "இந்தப் பகுதி நம்பத்தக்கதல்ல" என்று எழுதிவிடுங்கள். துல்லியம் கட்டாயம் வேண்டும் என்பவருக்கு, இதயத்தின் மின்சைகையைப் படிக்கும் மார்புப் பட்டையைச் சொல்லுங்கள். வெறும் இடைவெளியைப் பார்த்து யாரும் கோபிக்க மாட்டார்கள். ஊகத்தை அளவீடு போலக் காட்டுவதுதான் கோபம் வரவைக்கிறது.

காலடியிலும் இதே கதை. வாட்ச் காலை எண்ணவில்லை, கையின் வீச்சை எண்ணுகிறது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவரின் கை அசையாது. டிரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடப்பவருக்கும் அப்படியே. ஒரு மணி நேரம் நடந்துவிட்டுச் சில நூறு அடிகளைப் பார்ப்பவர் வாட்ச் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். அது பழுதல்ல, கருவியின் எல்லை. நடைப்பயிற்சி முறையைத் தொடங்கிவிட்டு நடந்தால் நேரமாவது சரியாகப் பதியும் என்ற சின்னக் குறிப்பு அவருக்குப் போதும். (பத்தாயிரம் அடி என்ற இலக்கே 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியோடு பரவியது. அதில் நூறு அடி குறைந்ததற்காக இரவில் கூடத்தைச் சுற்றி வருபவர்களை எனக்குத் தெரியும்.)

ஜிபிஎஸ் விஷயத்தில் கோளாறு ஓரிடத்தில் இருக்க, வலி வேறிடத்தில் தெரிகிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராய அட்டவணை முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். இவ்வளவு நேரம் யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள் என்பதால், வரும் நாட்களுக்கான பாதைக் கணிப்பைப் போன் வழியாக முன்கூட்டியே வாட்சில் இறக்கி வைக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் சிங்க் சில நாள் நின்றுபோனால் அந்தக் கணிப்பு காலாவதியாகிறது. பிறகு இடத்தைப் பிடிக்க வாட்ச் திணறுகிறது. பயனர் 'ஜிபிஎஸ் போச்சு' என்று புகார் எழுதுகிறார், நீங்கள் ஜிபிஎஸ் பற்றிய உதவிப் பக்கத்தை அனுப்புகிறீர்கள். அறுந்து கிடப்பது ப்ளூடூத். "செயற்கைக்கோள் தகவல் பழையது, போனோடு ஒருமுறை சிங்க் செய்யவும்" என்று வாட்ச் ஒரு வரி காட்டினால் இந்த அலைச்சல் இல்லை. பேட்டரிச் சிக்கன முறையில் இடத்தைக் குறைவான முறையே பதிவதால் வளைவுகள் வெட்டப்பட்டுத் தூரம் குறையும் என்பதையும் அந்த முறையைப் போடும்போதே சொல்லிவிடலாம்.

எங்களால் எந்த வகையிலும் தீர்க்க முடியாத பழுதுகளும் உண்டு. பழைய ஜிபிஎஸ் சைகையில் வார எண்ணுக்கு 10 பிட் இடம்தான், அதாவது 0 முதல் 1,023 வரைதான் எண்ண முடியும். 1,024 வாரங்களுக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 6-இல் அப்படித் திரும்பியபோது, அதற்குத் தயாராகாத பழைய கருவிகள் தேதியைத் தப்பாகக் காட்டின. மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. அடுத்தது 2038 நவம்பரில். அப்போதும் எங்களை ப்ளூடூத்தை அணைத்துப் போடச் சொல்லாதீர்கள்.

சர்வர் விழுவதும் அப்படித்தான். 2020 ஜூலையில், ஸ்மார்ட்வாட்ச் செய்யும் கார்மின் நிறுவனத்தின் சேவைகள் இணையத் தாக்குதலால் சில நாட்கள் முடங்கின. அந்த நாட்களிலும் வாட்சுகள் பதிந்துகொண்டுதான் இருந்தன. சிலர் கேபிள் வழியாகக் கோப்புகளைக் கணினிக்கு எடுத்து வேறு தளத்தில் ஏற்றிக்கொண்டார்கள். கோப்பு கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் அது முடிந்தது. பல வாட்சுகளில் அந்த வசதியே இல்லை; உங்கள் சர்வரைத் தொடாமல் எங்கள் ஓட்டம் எங்கள் கைக்கு வராது. செயலியின் முகப்பில் "சர்வர் எங்கள் பக்கம் விழுந்திருக்கிறது, உங்கள் வாட்சில் தரவு பத்திரமாக இருக்கிறது" என்று சொல்ல முடியாத அளவுக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

ஒரே ஓட்டம் இரண்டு முறை பதிவாகும் தொல்லையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல செயலிகளின் உடல்நலத் தரவை ஓரிடத்தில் சேர்க்கும் ஆப்பிளின் ஹெல்த்கிட் 2014-இல் வந்தது. அதே வேலையைச் செய்யும் ஹெல்த் கனெக்ட், ஆண்ட்ராய்டு 14-இல் இயங்குதளத்துக்குள்ளேயே சேர்ந்தது. போனும் எண்ணும், வாட்சும் எண்ணும், மூன்றாவது செயலி இரண்டையும் படித்துத் திரும்ப எழுதும். எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை எண்ணைத் தொட்டதும் காட்டுங்கள். மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

கலோரிக் கணக்கைப் பற்றி நீங்களே அதிகம் பேச விரும்பமாட்டீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். ஆறு கருவிகளில் இதயத்துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ, இருப்பதில் நல்ல கருவிக்கே சராசரிப் பிழை 27 சதவீதம். இரண்டு வாட்சுகள் இரண்டு எண் காட்டுகின்றன, எதில் பழுது என்று கேட்பவரிடம் நான் என்ன சொல்ல? கடைசி இலக்கம் வரை அச்சடித்தது போல் ஓர் எண்ணைக் காட்டுவதை விட்டு, ஒரு வரம்பைக் காட்டலாம்.

"சாதாரணப் பயனருக்கு இத்தனை விவரம் எதற்கு, குழம்பிவிடுவார்" என்பீர்கள். 'ஏதோ தவறு' என்ற வாசகத்தைவிடவா குழப்பம் கூடிவிடும்? உங்களிடம் ஏற்கெனவே ஒரு பொத்தான் இருக்கிறது: 'பதிவுகளை அனுப்பு'. அதை அழுத்தினால் எல்லா விவரமும் உங்களுக்கு வருகிறது. அனுப்பிய எங்களால் அதில் ஒரு வரி படிக்க முடியாது. அதே விவரத்தை எங்கள் மொழியில், ஒரே பக்கத்தில், எங்களுக்கும் காட்டுங்கள்: வாட்சின் சென்சார், ப்ளூடூத், அனுமதிகள், சர்வர், கடைசியாகச் சிங்க் ஆன நேரம். எது நன்றாக இருக்கிறது, எது நின்றிருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இத்தனையும் உடனே ஆகாது என்று தெரியும். ஒன்றே ஒன்றை அடுத்த அப்டேட்டிலேயே செய்துவிட முடியும். வாட்சில் ரீசெட் பொத்தானை அழுத்தியதும், இன்னும் போனுக்குப் போகாத பயிற்சிகள் எத்தனை அதில் இருக்கின்றன, எந்தத் தேதியிலிருந்து என்று காட்டுங்கள், முதலில் அவற்றை இறக்கிக்கொள்ள வழி கொடுங்கள், பிறகு அழியுங்கள். உதவிப் பக்கத்தைப் படித்து, சொன்னபடி செய்து, மாதக்கணக்கில் ஓடிப் பழகியவரின் கடைசி வாரம் அழிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய கோளாறு ஓர் அனுமதியைத் தட்டினால் தீர்ந்திருக்கும்.

இப்படிக்கு,
பிறர் வாட்சுகளையும் பார்த்துக் கொடுக்கும் ஒரு பயனர்