ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்துப் பார்த்துவிட்டு டயர் வாங்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மிளகு நன்றாகக் காய்த்திருப்பதும் முழங்கால் வலி குறைந்திருப்பதும் கேட்டுச் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். ஊர்ச் சேதிகளை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம். அடுத்த வாரமே சேலம் போய் உன் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்குப் பெரிய டயர் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றி உடனே பேசியாக வேண்டும்.

முதலில் கணக்கு. உன் வண்டியில் இருப்பது 265/65 ஆர்17. அகலம் 265 மி.மீ., அதில் 65 சதவீதம் பக்கச்சுவர், அதாவது 172 சொச்சம். மேலும் கீழுமாக 344.5. ரிம் 17 இன்ச், அதாவது 431.8. மொத்த உயரம் 776 மி.மீ. இதே கணக்கில் 265/70 ஆர்17 என்றால் 803. நீ ஆசைப்படும் 285/70 ஆர்17 என்றால் 831. முன்னது 27 மி.மீ. கூடுதல், பின்னது 55. தரைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் (பின் அச்சின் நடுவே தொங்கும் கியர் உருண்டை) நடுவே உனக்குக் கிடைப்பது இதில் பாதிதான்: 13, அல்லது 27. கடைக்காரன் "ஒரு இன்ச் ஏறும்" என்றால் எது ஏறும் என்று கேள்.

என் யோசனை 265/70. இதற்குச் சஸ்பென்ஷனில் கை வைக்கவே தேவையில்லை என்றுகூடச் சொல்லலாம். சக்கரத்துக்குப் பின்னால் சேறு தடுக்கும் மட் ஃப்ளாப், சக்கரக் குழியின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர் அளவிலேயே வேலை முடிந்துவிடும். 285/70 என்றால், ஒடிக்கும்போது டயர் உரசாமலிருக்க இரும்பில் கை வைக்க வேண்டிவரும். "வண்டியை உயர்த்தும் 2 இன்ச் லிஃப்ட் கிட் போட்டால் 285 உரசாது" என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

ஸ்பேசரோ (ஷாக்கின் தலையில் வைக்கும் தடிப்புத் துண்டு) உயரமான ஸ்பிரிங்கோ போட்டால் வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். சக்கரம் மேலே எதுவரை போகலாம் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப் ரப்பர். அது பழைய இடத்தில்தான் இருக்கிறது. குழியில் இறங்கிச் சக்கரம் முழுசா மேலே ஏறும்போது, லிஃப்ட் போட்ட வண்டியிலும் போடாத வண்டியிலும் டயர் நிற்பது ஏறக்குறைய ஒரே இடம். லிஃப்ட் போட்டால் உரசல் அடிக்கடி நடக்காது, அவ்வளவுதான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நீ ஸ்டீயரிங்கை நன்றாக ஒடிக்கிறாய், வெளிப்பக்கச் சக்கரம் அமுங்குகிறது. கீழே நாமக்கல் ரோட்டில் வருடக்கணக்கில் உரசாத டயர் அங்கே ஒரே நாளில் உரசிவிடும்.

ஆகவே டயர் வாங்குமுன் அளந்து பார். கடையில் ஒரே ஒரு டயரை மட்டும் ரிம்மில் மாட்டித் தரச் சொல். சமதளத்தில் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கச் சேசிஸை இருபுறமும் ஸ்டாண்டில் ஏற்று. ஜாக்கியை மட்டும் நம்பாதே. ஒரு பக்கத்து ஷாக்–ஸ்பிரிங் தொகுப்பை அப்படியே கழற்று: மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட். மேலே நடுவில் இருக்கும் நட்டைத் தொடவே கூடாது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருப்பது அதுதான்; அவிழ்ந்தால் ஆளையே அடிக்கும். ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) இணைப்பை ஒரு முனையில் விடுவி. சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் தொங்காமல் ஜாக்கியால் தாங்கு, இல்லாவிட்டால் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடும், ஆக்சில் ஜாயின்ட்டும் அளவுக்கு மேல் விரியும்.

பிறகு புதுச் சக்கரத்தை மாட்டி, டயரின் தோள் முழுக்கச் சாக்பீஸ் தடவு. கீழ் ஆர்மை ஜாக்கியால் மெதுவாக ஏற்று. பம்ப் ஸ்டாப் ரப்பர் தொட்டு, பாதி அமுங்கியதும் நிறுத்து. இப்போது ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒடி. சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார். வெள்ளைத் தடம் எங்கே ஒட்டுகிறதோ அதுதான் உன் வேலைப் பட்டியல். இவ்வளவு கழற்ற மனமில்லை என்றால், ஒரு முன் சக்கரத்தையும் குறுக்கே எதிர்மூலைப் பின் சக்கரத்தையும் 20, 25 செ.மீ. உயரக் கல்லில் ஏற்றி நிறுத்தி, இன்னொருவரை டார்ச்சோடு உட்காரவைத்து ஒடித்துப் பார். அது முழுப் பரிசோதனை அல்ல, ஆனால் பார்க்காமல் வாங்குவதைவிட மேல்.

தடம் பெரும்பாலும் முன் சக்கரத்தின் பின்பக்கம்தான் விழும். முதலில் சிக்குவது மட் ஃப்ளாப். முழுசா ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது, டயரின் கட்டைகள் அதன் விளிம்பைக் கவ்வி உள்ளே இழுக்கும்; ஃப்ளாப் லைனரையும் கிளிப்போடு பிடுங்கிக்கொண்டு வரும். ரிவர்ஸில் "டர்ர்" என்று சத்தம் கேட்டால் அதுதான். ஃப்ளாப்பைக் கழற்று, அல்லது உள்விளிம்பை 20 மி.மீ. வெட்டு. அடுத்தது லைனர். ஹீட் கன்னால் சூடாக்கிப் பின்னுக்குத் தள்ளி, அந்த நிலையிலேயே கிளிப்பை இறுக்கினால் பல வண்டிகளுக்கு அது போதும். வெட்டுவதாக இருந்தால் அதற்குப் பின்னால் வயர் போகிறதா என்று பார்த்துவிட்டு வெட்டு.

லைனருக்குப் பின்னால் இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்ட் செய்த ஒரு மடிப்பு, கத்தி விளிம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். 285 போட்டால் அதைத் தொடும். சுத்தியலால் தட்டி மடக்குவது டிங்கரிங் பட்டறைக்குப் பத்து நிமிட வேலை. ஆனால் தட்டியதும் பெயின்ட் வெடிக்கும். மணல்தாள் போட்டு, பிரைமர், சீலன்ட், அதன்மேல் பெயின்ட் அடிக்கும்வரை விடாதே. மலை ஈரத்தில் ஒரே மழைக்காலம் போதும், துரு கேபினுக்குள் போய்விடும். இதையும் தாண்டித் தொடுவது கேபினைச் சேசிஸில் தாங்கும் பிராக்கெட். அதன் மூலையை வெட்டி, தகடு வைத்து வெல்ட் செய்பவர்கள் உண்டு. வெல்டர் கை சுத்தமில்லாவிட்டால் கேபினே அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொள். 265/70-ஐ விட 14 மி.மீ. கூடுதல் உயரத்துக்காக அதை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெட்டுமுன் அலைன்மென்ட்டில் ஒரு வழி இருக்கிறது. கீழ் ஆர்மின் உள்முனைகளில் கேம் போல்ட்கள் உண்டு; திருப்பினால் ஆர்ம் நகரும். கேஸ்டரை (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வுக் கோணம்) கூட்டும் பக்கம் திருப்பினால் சக்கரம் கொஞ்சம் முன்னால் நகரும். சில மில்லிமீட்டர்தான், ஆனால் இந்த வேலையில் அதுவே பெரிசு. முன்பக்க பம்பர் ஓரத்து லைனர் அப்போது நெருங்கும். பிளாஸ்டிக்கோடு உரசலாம், இரும்போடு கூடாது. அலைன்மென்ட் கடையில் "டோ மட்டும் போதும் சார்" என்பார்கள். டோ என்பது சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. கேஸ்டரையும் பார்த்து, இருபக்கமும் சமமாக வைத்து, அச்செடுத்துத் தரச் சொல்.

புது அலாய் வீல் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவை. கம்பெனி வீல் 7.5 இன்ச் அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் அமரும் முகத்துக்கும் உள்ள தூரம்) 30 மி.மீ. 265/70-க்கு அதுவே சரி. கடையில் காட்டும் 9 இன்ச், ஆஃப்செட் பூஜ்யம் வீலைப் போட்டால் வெளிவிளிம்பு 49 மி.மீ. வெளியே போகும்; உள்ளே கூடுதலாகக் கிடைப்பதோ 11 மி.மீ. சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, ஒடிக்கும்போது அது போடும் வட்டம் பெரிசாகி, பின்பக்கம் இன்னும் நன்றாக மோதும். ஸ்டீயரிங் குழிக்குக் குழி வெட்டி இழுக்கும், பேரிங்கும் சீக்கிரம் போகும். மாற்றியே தீருவேன் என்றால் 8 இன்ச், ஆஃப்செட் 20 பார். வெளியே 16 மி.மீ.தான் போகும். போல்ட் துளை 6, அவை அமைந்த வட்டம் 139.7 மி.மீ., நடு ஓட்டை 106.1 மி.மீ. நட்டின் அமர்வு கூம்பா தட்டையா என்று வீலோடு பொருத்திப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

லிஃப்ட் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்னால் 25 முதல் 40 மி.மீ. வரை தாங்கும். ஷாக்கின் தலையில் வைக்கும் ஸ்பேசர் 10 மி.மீ. என்றால் சக்கரத்தில் ஏறக்குறைய 20 ஏறும்; இரண்டு இன்ச் தடிமன் வாங்கி மாட்டிவிடாதே. தடிமன் கூடினால் பம்ப் ஸ்டாப் தொடுமுன் ஷாக்கே அடியில் இடித்து உடையும். லிஃப்ட் 50 மி.மீ.யைத் தாண்டினால் மேல் ஆர்மும் மாற்ற வேண்டும். ஆக்சில் ஜாயின்ட் கோணம் கூடி அதன் ரப்பர் உறையான பூட் கிழியும். நீ மூட்டை ஏற்றுகிறவன். முன்னால் தூக்கி, பின்னால் லோடில் கமான் பட்டை அமுங்கினால் ஹெட்லைட் எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும். ஸ்டீயரிங் ராக்கில் வாஷர் போட்டு ஒடிப்பைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை வரும். உன் ஊர் வளைவுகளில் அதைச் செய்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருமுறை ரிவர்ஸ் எடுப்பாய்.

டயரின் வகையைக் கவனி, இதில்தான் காசும் பாதுகாப்பும். உன் பழைய டயரில் 112 என்று சுமை எண் இருக்கும். அதாவது ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், சுமார் 35 பிஎஸ்ஐ காற்றில். அளவுக்கு முன்னால் எல்டி (லைட் டிரக்) என்று போட்ட 265/70 ஆர்17-ல், சி என்ற சுமை ரகமும் அதே 112தான், ஆனால் அந்த 1120 கிலோவைத் தாங்க 50 பிஎஸ்ஐ வேண்டும். கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து அதே காற்றை எல்டி டயருக்கு அடித்து, மூட்டை ஏற்றி வெயிலில் ஓட்டினால் பக்கச்சுவர் உள்ளே வெந்துபோகும். எல்டி இல்லாத 265/70 ஆர்17-க்கு 115 இருக்கிறது. பழைய காற்றிலேயே 1215 கிலோ. கல் குத்தும் காட்டுப்பாதை தினமும் இல்லை என்றால் அதுவே உனக்குப் போதும். எல்டி டயர் ஒவ்வொன்றும் நாலைந்து கிலோ கனமும்கூட. ஏற்றத்தில் இழுவையும், இறக்கத்தில் பிரேக்கும், மைலேஜும் அதற்குக் கப்பம் கட்டும்.

காற்று சரியா என்று அறிய ஒரு வழி. காலையில் குளிர்ந்த டயரில் அளந்துகொள், ஒரு மணி நேரம் வழக்கமான லோடில் ஓட்டி மறுபடி அள. 4 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரி, எல்டிக்கு 6. அதைவிட அதிகம் ஏறினால் காலையில் காற்றுக் குறைவு, குறைவாக ஏறினால் கூடுதல்.

ஐந்தும் வாங்கு. ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில் இருந்தால், பஞ்சரான அன்று ஃபோர் வீல் போட முடியாது; முன் பின் சுற்று மாறி கியர்பாக்ஸ் இறுகிக்கொள்ளும். ஸ்டெப்னியாகப் புது டயரை வண்டியின் அடியில் ஏற்றி, சைலன்சர் குழாய்க்கும் அதற்கும் நடுவே உன் விரல்கள் நுழைகின்றனவா என்று பார். 265/70 போட்டால் ஸ்பீடோமீட்டர் 3.4 சதவீதம் குறைத்துக் காட்டும், அதாவது முன்பு 100 காட்டிய வேகம் இப்போது 97 காட்டும். 285 என்றால் 7 சதவீதம்.

ஆர்.சி.யையும் எடுத்துப் பார். உன் வண்டி சரக்கு வாகனமாகப் பதிவாகியிருந்தால் அதன் பதிவு விவரங்களில் டயர் அளவும் சேர்த்தி. கம்பெனி சொன்னதிலிருந்து பதிவு விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையிலும் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸிலும் கேள்வி வரும். வாங்குமுன் இரண்டு இடத்திலும் கேட்டுவிடு. 285-ஐ விட இதற்கும் 265/70 பதில் சொல்ல எளிது.

மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ.க்குள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கு. சாக்பீஸ் தடம் எங்கே விழுந்தது, எத்தனை மி.மீ. என்று எனக்கு எழுது. பிராக்கெட்டில் விழுந்திருந்தால், வெல்டரிடம் போகுமுன் ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி