ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பிய பூசாரி ஐயாவுக்கும் சேலம் குகைப் பகுதி மக்களுக்கும்

அப்பாவின் பழைய தறிக்கூடத்தில், யார் வேண்டுமானாலும் வந்து சற்று நேரம் அமைதியாக உட்காரலாம் என்று நாங்கள் அமைத்த அறையின் பூட்டு கழன்று இன்றோடு நான்கு நாள். இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். அதைக் கிளறப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் பூசாரி ஐயாவுக்கு.

உண்மையைச் சொன்னால், நான் அதிகம் பயந்தது அவருக்குத்தான். எங்கள் தறிக்கூடத்துக்கு நேர் எதிரே மாரியம்மன் கோயில். "சாமி படம் இல்லை, சிலுவை இல்லை, பிறை இல்லை, அப்புறம் உள்ளே என்னதான் பண்ணுகிறார்கள்?" என்ற பேச்சு கிளம்பியபோது, அது கோயில் திண்ணையில்தான் கிளம்பியிருக்கும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். திறந்த மறுநாள் ஆடிப் பண்டிகைக்குக் குழாய் கட்டினார்கள். கூம்பு நேராக எங்கள் சன்னலைப் பார்த்தபடி. சரி, ஆடி முடிகிற வரைக்கும் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பார்த்தால் ஐயா ஏணி மேல் நிற்கிறார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூம்பைக் காலி மனைப் பக்கம் திருப்பிக் கம்பியால் இறுக்கிக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடித்திருந்த பையன் ஏதோ முனகினான். "ஆத்தாளுக்குக் காது நல்லாவே கேக்கும்டா" என்றார். இறங்கியவர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. (சாமி வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் ஊர்வலம் வருகிற வண்டி வேடிக்கை அன்று மட்டும் நாங்களே கதவைச் சாத்திவிடுவோம். குகையில் பிறந்துவிட்டு அதைத் தவறவிட முடியுமா?)

கோரைப்பாய் கொடுத்த பாய் அண்ணன், வெள்ளையடித்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், காசே வாங்காத எலக்ட்ரீஷியன் தம்பி, ராத்திரி காவல் இருந்த ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், பேச்சு முற்றிய அன்று எல்லாருக்கும் தட்டுவடை செட் கொடுத்து வாயை அடைத்த அக்கா, எல்லாருக்கும் கும்பிடு. பேர் போட்டால் திட்டுவீர்கள், போடவில்லை.

நிம்மதி வேண்டுமென்றால் ஏற்காடு போ என்பது சேலத்தில் வழக்கம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஹாரன் சத்தம் கேட்டுவிட்டு இறங்குவோம். அதற்கும் லீவு வேண்டும், காசு வேண்டும். தறிக்குப் போகிற பெண்ணுக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும், அதுவும் நடந்து போகிற தூரத்தில்.

நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்திலும் இப்படி ஓர் அறை இருக்கிறது. 1957-ல், அப்போது பொதுச்செயலாளராக இருந்த ஹாமர்ஷோல்ட் முன்னின்று சீரமைத்தது. எந்த மத அடையாளமும் கிடையாது, நடுவில் ஆறரை டன் இரும்புத்தாதுக் கல் மட்டும். இரும்புத்தாதுக்கு நாம் அலைய வேண்டியதில்லை, கஞ்சமலை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் எங்களிடம் இருந்தது அப்பாவின் குழித்தறிக் குழி. தறியைக் கழற்றியதும் மூடச் சொன்னார்கள், எனக்கு மனசு வரவில்லை. அவர் காலைத் தொங்கவிட்டு மிதித்த அதே விளிம்பில்தான் இப்போது வருகிறவர்கள் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அங்கே எந்தப் படமும் வராது, நன்கொடையாளர் பலகையும் வராது என்று உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். இதைச் சொல்ல வைத்ததும் ஐயாதான். நேற்று முதல் தடவையாக உள்ளே வந்தார். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சுவரில் மாலை போட்டிருந்த அப்பா படத்தைக் காட்டி, "இவரு மட்டும் இருக்கலாமா கண்ணு?" என்றார்.

காலையில் படத்தை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஆணி அங்கேயேதான் இருக்கிறது. சாயங்காலம் ஐயா வந்து, அதில் துண்டை மாட்டிவிட்டுக் குழி ஓரம் உட்கார்ந்தார்.