சுவாமி ஆனந்தைத் தமிழுக்குக் கொண்டுவரத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

காந்தியின் சகாவும் குஜராத்தி எழுத்தாளருமான சுவாமி ஆனந்தின் வாழ்க்கையைச் சொல்லும் சிறு நூல் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது எனக்கு உறுத்துகிறது. அதற்காகவே இந்த மடல்.

சத்திய சோதனையைப் படிக்காத தமிழர்கூட அதன் பெயரை அறிவார்கள். சுயசரிதை எழுதும்படி மறுபடியும் கேட்டவர் சுவாமி ஆனந்த் என்று அதன் முன்னுரையில் காந்தியே குறிப்பிடுகிறார். தனிப் புத்தகமாக வேண்டும் என்றார் சுவாமி. அதற்கு நேரமில்லை, நவஜீவன் இதழுக்கு வாரந்தோறும் ஏதாவது எழுதத்தானே வேண்டும், அதையே எழுதுகிறேன் என்றார் காந்தி. 1925-ல் தொடங்கி 1929 வரை அது தொடராக வந்தது. கீதையை முழுவதுமாக மொழிபெயர்க்கச் சொல்லி அவரைத் தூண்டியவர்களிலும் சுவாமி ஒருவர். இப்பேர்ப்பட்டவரைப் பற்றித் தமிழில் தேடி, ஒன்றும் என் கைக்கு அகப்படாத ஆதங்கத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் நன்றி, மாட்டுங்காவில் எங்கள் அடுத்த வீட்டு மாசிக்கு. மாசி என்றால் குஜராத்தியில் சித்தி. என் குஜராத்தி கடைத்தெருவுக்குப் போதும். சுவாமியின் உரைநடைக்குப் போதாது. குஜராத்தின் காத்தியாவாட் பகுதிக் கிராமத்துப் பேச்சும் மராத்தியும் சாதுக்களின் இந்தியும் அதில் சேர்ந்து ஓடும். சுவாமியின் ‘குலகதாவோ’ நூலை மாசிதான் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். மதியச் சமையலை முடித்து, கையில் ஒட்டிய மாவைக் கழுவித் துடைத்த பிறகே புத்தகத்தைத் தொடுவார். ஒரு வாக்கியம் மனத்துக்குப் பிடித்துவிட்டால் மேலே நகரமாட்டார். எனக்காக அல்ல, தனக்காகவே அதை இன்னொரு முறை படிப்பார். நான் பேனாவும் கையுமாகப் பரபரத்தால், “பொறு திக்ரா (மகனே), எழுதியவர் அவசரப்படவில்லையே” என்பார்.

குஜராத்தில் வத்வாணுக்கு அருகே சியாணி என்ற ஊரில் 1887-ல் பிறந்தவர் சுவாமி. வீட்டில் வைத்த பெயர் ஹிம்மத்லால். கடவுளைக் காட்டுகிறேன் என்று ஒரு சாது சொன்னதை நம்பி, பத்து வயதில் வீட்டை விட்டுப் போனவர். இதை நான் சொன்னதும் மாசி கேட்டார்: “அன்றைக்கு அந்தத் தாய் அடுப்பு மூட்டியிருப்பாளா?” நூலின் முதல் அத்தியாயம் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. அதை எழுதியது நான், கொடுத்தது மாசி.

அடுத்து, கிர்காவில் வசிக்கும் ஓய்வுபெற்ற கம்போசிட்டர், அதாவது அச்சுக்கோப்பவர், ஒரு பெரியவருக்கு. காந்தியின் நவஜீவன், யங் இந்தியா இதழ்களின் நிர்வாகத்தைச் சுவாமி பார்த்துக்கொண்டார் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த வரிக்குள் எவ்வளவு உழைப்பு என்பதை எனக்குக் காட்டியவர் இவர். எழுத்துகளை வரியாகக் கோக்கும் பழைய ஸ்டிக் ஒன்றை என் கையில் கொடுத்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கச் சொன்னார். ஒரு வரி முடிவதற்குள் எனக்கு விரல் வலித்தது. இப்படி ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோத்துத்தான் வாரந்தோறும் தவறாமல் இதழ் வெளிவந்திருக்கிறது. கிலாபத் இயக்கத் தலைவர் மௌலானா முகமது அலி கொடுத்த அச்சு இயந்திரங்களை வைத்துச் சுவாமி நவஜீவன் அச்சகத்தை வளர்த்தார். யங் இந்தியாவில் வந்த ஒரு கட்டுரைக்காக, வெளியீட்டாளர் என்ற முறையில் பதினெட்டு மாதம் சிறையிலும் இருந்தார்.

மகாராஷ்டிரத்தின் தகாணு ரோடு ஸ்டேஷனில் இறங்கி வழி தெரியாமல் நின்ற என்னைக் கோஸ்பாட் குன்றுக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரருக்கும், அங்கே நிழலில் உட்காரவைத்துப் பேசிய முதியவர்களுக்கும் நன்றி. சுவாமி தம் கடைசிக் காலத்தில் விவசாயச் சோதனைகளில் ஈடுபட்டிருந்த இடம் அது. அந்தப் பக்கத்து ஆதிவாசி மக்களுக்காக அவர் உழைக்கத் தொடங்கியது அதற்கும் வெகு முன்னால், 1930-களிலேயே.

சாகித்ய அகாதெமி விருதைப் பற்றி நண்பர்கள் நிறையக் கேட்டார்கள். 1969-ல் ‘குலகதாவோ’வுக்கு அறிவிக்கப்பட்ட விருதைச் சுவாமி ஏற்கவில்லை. பொதுப்பணிக்குத் துறவி பணப்பயன் பெறக்கூடாது என்பது அவர் நிலை. அதையே நூலின் உச்சமாக வைக்கலாம் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1928-ல் பர்தோலி விவசாயிகளின் வரிகொடாப் போராட்டத்தில் வல்லபபாய் படேலின் செயலாளராக இருந்ததும், 1934 பீகார் பூகம்பத்தில் நிவாரணத்துக்கு ஓடியதும், பிரிவினையின்போது அகதிகளிடையே வேலை செய்ததும் அதைவிடப் பெரியவை என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்த வாதங்களால் நூல் தெளிவடைந்தது. வாதாடிய அத்தனை பேருக்கும் நன்றி.

மெய்ப்புத் திருத்திய தமிழாசிரியர் அம்மா ஒற்றுப் பிழைகளோடு, ஆடம்பரமான அடைமொழிகளையும் களைந்தார். “சந்நியாசிக்கு எதற்கு இவ்வளவு நகை?” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அச்சுச் செலவை ஏற்ற நண்பர்கள் பெயரைச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள், சொல்லவில்லை. நூலுக்கு விலை வைக்க வேண்டாம் என்றும் அவர்களே சொன்னார்கள். பள்ளி நூலகங்களும் வாசகர் வட்டங்களும் கேட்டால் படிகளை அனுப்பிவைக்கிறேன். சுவாமியின் கடிதமோ பழைய பதிப்போ யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். மாசி அடுத்த புத்தகத்தைப் படித்துக்காட்டக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
நூலாசிரியன்
மாட்டுங்கா, மும்பை