தக்காளிச் சாறு அடைக்கப் பாட்டில் வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஒட்டன்சத்திரத்துத் தக்காளி விலை இறங்கிவிட்டால் நம் கடையில் அரை லிட்டர் கண்ணாடி பாட்டில் டஜன் டஜனாகப் போகும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதை யார் மறந்தார்கள்? மலிவாக இருக்கும்போதே பெட்டியாக வாங்கிச் சாறெடுத்து வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் பாட்டிலை விற்ற நாங்கள், அதில் எப்படி அடைக்க வேண்டும் என்று இத்தனை நாள் சொல்லாமல் விட்டது தப்பு.

சமீபத்தில் திருமங்கலத்திலிருந்து ஓர் அக்கா ஐந்து பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "மூடி சரியில்ல தம்பி, மாத்திக் குடுங்க" என்றார். குழிந்திருக்க வேண்டிய மூடி நடுவில் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன், டக்கென்று உள்ளே போய், கையை எடுத்ததும் மறுபடி எழுந்தது. மூடியில் குறை இல்லை. உள்ளே கிருமி வளர்ந்து வாயு விட்டிருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றி, இறுக மூடி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாராம். நம் பக்கம் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஐந்தையும் திறக்காமலே பையில் கட்டிக் குப்பையில் போடச் சொன்னேன். அவர் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பாட்டில்களாவது உப்பிக் காட்டிக்கொடுத்தன. காட்டிக்கொடுக்காத பாட்டிலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி மண்ணில் இருக்கிறது, காய்கறியோடு வீட்டுக்குள் வருகிறது. சாதாரணக் கொதிநீரில் அதன் வித்து சாகாது. காற்றுப் போகாத, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் முளைத்து விஷம் கக்கும். மணமும் ருசியும் மாறாமலே இருக்கலாம். அந்த விஷம் உடம்பில் ஏறினால் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது, மூச்சும் திணறும். இதில் ஏதாவது தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அந்த வித்து முளைக்காமல் தடுப்பது புளிப்பு. புளிப்பை அளக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்; அது 4.6, அல்லது அதற்குக் கீழே இருந்தால் வித்து முளைக்காது. தக்காளியோ ரகத்தையும் பழுத்த பதத்தையும் பொறுத்து 4.3இலிருந்து 4.9 வரை போகும். நாட்டுத் தக்காளி நன்றாகப் புளிக்கிறதே என்பீர்கள். நாக்கு சொல்வதை இதில் நம்ப முடியாது. அதனால் எந்தத் தக்காளியானாலும் அரை லிட்டர் பாட்டிலுக்குக் கால் டீஸ்பூன், சற்றே குவிந்தாற்போல, சமையலுக்கான சிட்ரிக் ஆசிட் போடுங்கள். எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் தருவார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், அதனால் வேண்டாம். புளிப்பு தூக்கலாகத் தெரிந்தால் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கலாம். சமையல் சோடாவை மட்டும் கிட்டவே கொண்டுவராதீர்கள், போட்ட புளிப்பை அது முறித்துவிடும்.

சாறெடுக்கும்போது எல்லாத் தக்காளியையும் ஒரேயடியாக நறுக்கி வைக்க வேண்டாம். முதலில் ஓர் அரைக் கிலோ நறுக்கி அடுப்பில் போட்டு நசுக்கிக் கொதிக்க விடுங்கள். அந்தக் கொதி அடங்காமல் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நசுக்கிக்கொண்டே வாருங்கள். தண்ணீர் தனியாகவும் சதை தனியாகவும் பிரிந்து நிற்கிறது என்று நிறையப் பேர் பாட்டிலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். வெட்டியதும் தக்காளிக்குள் இருக்கும் ஒரு நொதி, சாற்றைக் கெட்டியாக வைக்கும் பெக்டின் என்ற பொருளைக் கரைக்கத் தொடங்கும், அதனால்தான் பிரிகிறது. உடனே சூடு ஏறினால் அந்த நொதி அடங்கிவிடும். பிரிந்து நிற்பதால் மட்டும் கெடுதல் இல்லை, குலுக்கிவிட்டுக் குடிக்கலாம். எல்லாம் சேர்ந்தபின் ஐந்து நிமிடம் கொதித்ததும் வடிகட்டி, மறுபடி ஒரு கொதி விட்டு, சூடான பாட்டிலில் சிட்ரிக் ஆசிட்டோடு ஊற்றுங்கள். மேலே அரை அங்குலம் இடம் விட்டு, வாயை ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்து, புது மூடி போடுங்கள். ஒரு முறை அழுந்திய மூடி இரண்டாம் முறை சரியாக அடைக்காது. இதை விற்பனைக்காகச் சொல்லவில்லை.

இனிதான் பலர் விட்டுவிடும் கட்டம். அண்டாவிலோ பெரிய இட்லிக் கொப்பரையிலோ அடியில் ஓட்டைத் தட்டைப் போட்டு, பாட்டில்களை நிறுத்தி, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் சுடுதண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் என்றால் 40 நிமிடம். கொடைக்கானலில் இருப்பவர்கள் 55 நிமிடம் வையுங்கள். ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், அதன் சூடும் குறைவு. குக்கரில் இத்தனை விசில் என்று கணக்குச் சொல்ல முடியாது, அது வேண்டாம்.

எடுத்ததும் கிரானைட் மேடையில் வைத்தால் பாட்டில் விரிசல் விடும். மடித்த துணிமேல் வைத்து மறுநாள் வரை தொடாதீர்கள். மூடி குழியாத பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். மற்றவை அடுப்புச் சூடும் வெயிலும் படாத அலமாரியில் இருக்கட்டும். நம் ஊர் வெக்கைக்கு ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பேன்.

இந்த அளவும் நேரமும் வெறும் சாறுக்குத்தான். வெங்காயம், பூண்டு, எண்ணெய் சேர்த்த தொக்குக்கும் கெட்டி விழுதுக்கும் இது பொருந்தாது. அவற்றை ஃபிரீசரில் வைப்பதே நல்லது.

இந்த வாரம் முதல் டஜன் பாட்டிலோடு ஒரு கால் டீஸ்பூன் அளவுக் கரண்டி இலவசமாகத் தருகிறோம். ஏற்கெனவே வாங்கியவர்களும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மூடிக் கவிழ்த்து மட்டும் வைத்த பாட்டில் வீட்டில் இருந்தால் ருசி பார்க்க வேண்டாம். திறக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதற்குப் பதில் பாட்டில் வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறோம்.

அன்புடன்,
கடைக்காரர்கள்