உயிர்வேதியியல் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விருப்பப்பாடங்களிலிருந்து குவாண்டம் இயக்கவியலை நீக்கிவிட எண்ணுவதாக எழுதியிருக்கிறாய். அது இயற்பியலாளர்களின் பாடம், வெதுவெதுப்பான நீர் நிறைந்த செல்லுக்குள் அதற்கு என்ன வேலை என்றும் கேட்டிருக்கிறாய். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் நீ அதை விடக்கூடாது என்பது என் எண்ணம். அதற்கான காரணத்தைச் சுரங்க விளைவு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன்.

தடையைத் தாண்டப் போதிய ஆற்றல் இல்லாத துகள் திரும்பிவிட வேண்டும் என்பது பழைய இயக்கவியல். துகளுக்கு அலைத்தன்மை கொடுக்கும் சுரோடிங்கரின் 1926 ஆம் ஆண்டுச் சமன்பாடு அப்படிச் சொல்வதில்லை. அலை தடையின் விளிம்பிலேயே நின்றுவிடாமல், உள்ளே போகப் போகத் தேய்ந்துகொண்டே செல்கிறது. தடை மெல்லியதாக இருந்தால் மறுபுறத்தில் அதில் சிறிது மிஞ்சும், துகளை அங்கே காண்பதற்கான நிகழ்தகவு அந்த மிச்சத்தைப் பொறுத்தது. தடையை ஏறாமல் இப்படி ஊடுருவிக் கடப்பதுதான் சுரங்க விளைவு. துகளின் நிறை கூடக் கூட அலை விரைவாகத் தேயும். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்.

1928 இல் இயற்பியலாளர் ஜார்ஜ் காமோ, அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் வெளியேறுவதை இவ்விதமாகவே விளக்கினார். சூரியனுக்கும் இதுவே பொருந்தும். அதன் மையத்தில் ஏறத்தாழ 1.5 கோடி டிகிரி வெப்பம் இருந்தும், இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையை மீறி நெருங்க அந்த வெப்பம் போதாது. தடை நூற்றுக்கணக்கான மடங்கு உயரமானது. அவை தடையை ஏறிக் கடப்பதில்லை, ஊடுருவியே கடக்கின்றன. நீ படிக்கும் ஒவ்வோர் உயிருக்கும் வரும் ஒளி அங்கே தொடங்குகிறது.

வேதியியலில் சான்றுகளைத் தேடவே வேண்டாம். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் பிணைகின்றன என்பதை வால்டர் ஹைட்லர், ஃபிரிட்ஸ் லண்டன் என்னும் இரு இயற்பியலாளர்கள் 1927 இல் இதே சமன்பாட்டைக் கொண்டுதான் முதன்முதலாகக் காட்டினார்கள். அம்மோனியா மூலக்கூறு, காற்றில் புரளும் குடை போல, நொடிக்குச் சுமார் 2400 கோடி முறை உள்வெளியாகப் புரள்வதும் சுரங்க விளைவால்தான்.

இனி உன் துறைக்கு வருகிறேன். நான் இதை நிதானமாகச் சொல்ல விரும்பும் இடம் இதுதான், ஏனென்றால் நான் படித்த காலத்தில் இந்தப் பாடத்தை ஹைட்ரஜன் அணுவோடு நிறுத்திவிட்டார்கள். நொதிகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து வேறோர் அணுவிடம் சேர்ப்பது பல நொதிகளின் அன்றாட வேலை. அந்த ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தை வைத்தால் மின்னூட்டமும் வேதிப்பண்பும் மாறுவதில்லை, நிறை மட்டும் இரட்டிக்கிறது. ஊடுருவல் இல்லாத சாதாரணக் கணக்கின்படி, அறை வெப்பநிலையில் வினை சுமார் 7 மடங்கு வரை மெதுவாகலாம். அந்த 7 கூட, அணுக்களின் அதிர்வு ஒருபோதும் முழுதாக அடங்குவதில்லை என்னும் குவாண்டம் விதியிலிருந்து வருவதுதான். 1989 இல் உயிர்வேதியியலாளர் ஜூடித் கிளின்மனின் குழு, ஈஸ்ட்டின் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் நொதியில் ஹைட்ரஜன் ஊடுருவுவதற்கான தடயத்தைக் கண்டது. பின்னர் சோயாவின் லிப்பாக்சிஜனேஸ் நொதியை அளந்தபோது, டியூட்டீரியத்தால் வினை 80 மடங்கு அளவுக்கு மெதுவாவது தெரிந்தது. நிறை கூடினால் அலை விரைவாகத் தேயும் என்றேனே, அதனால்தான் கனமான டியூட்டீரியம் ஊடுருவ இவ்வளவு தடுமாறுகிறது. செல்லுக்குள் குவாண்டத்துக்கு என்ன வேலை என்று கேட்டாயே, அதற்கு ஒரு நொதி தன் வேகத்தாலேயே பதில் சொல்கிறது.

எல்லாமே இவ்வளவு உறுதியானவை என்று நான் சொல்லமாட்டேன். பசும் கந்தக பாக்டீரியாவின் ஒளிச்சேகரிப்புப் புரதத்தில் குவாண்டம் ஒத்திசைவு, அதாவது அலைகள் ஒன்றோடொன்று இசைந்து நிற்பது, நீடிப்பதாக 2007 இல் வந்த செய்தி பெரிய எதிர்பார்ப்பை எழுப்பியது. பிற்பாடு வந்த ஆய்வுகள், எலக்ட்ரான்களின் ஒத்திசைவு அங்கே பயன் தரும் அளவுக்கு நீடிப்பதில்லை என்று காட்டின. ஐரோப்பிய ராபின் பறவை, கிரிப்டோகுரோம் என்னும் விழிப்புரதத்தில் ஒளிபட்டுத் தோன்றும் எலக்ட்ரான் இணையைக் கொண்டு பூமியின் காந்தப்புலத்தை உணர்கிறது என்ற கருத்துக்கு வலுவான ஆதரவு உண்டு. ஆனால் முடிவு வரவில்லை. இந்த மூன்றையும் தனித்தனியே எடைபோட நீ கற்க வேண்டும். குவாண்டம் என்ற சொல்லை ஒட்டி மருந்து விற்பவர்கள் பெருகிவிட்ட காலத்தில், உன்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தேர்ச்சி இல்லாவிட்டால் அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பாடப்பட்டியலில் கையெழுத்திடும் முன் எனக்காக ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார். ஊடுருவல் நிகழ்தகவை, இயல் மடக்கையின் அடிமானமான ஈ-யின் எதிர்க்குறி அடுக்காக எழுதிக்கொள். ஹைட்ரஜனுக்கு அந்த அடுக்கு 10 என்று கொள். அது நிறையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமாக மாறும். டியூட்டீரியத்துக்கு அடுக்கு என்ன, இரண்டு நிகழ்தகவுகளின் விகிதம் என்ன என்று கண்டுபிடித்து, லிப்பாக்சிஜனேஸின் அந்த 80-க்குப் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு. ஒப்பிட்டுப் பார்க்க என் விடையையும் எழுதி என்னிடமே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா