அந்த ஏழு பவுண்டு

வாட்டர்லூ, அயோவா
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ தொலைபேசியில் பேசியதை அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மல்யுத்தப் பருவத்தில் 149 பவுண்டு எடைப் பிரிவை விட்டு 141-க்கு இறங்கப்போவதாகவும், வெள்ளிக்கிழமை பயிற்சியாளரைப் பார்த்து அதைச் சொல்லிவிடப்போவதாகவும் நீ சொன்னாய். மண்டலப் போட்டியில் இரண்டு ஆட்டங்களில் தோற்று, தேசியப் போட்டிக்குத் தகுதி பெறாமல் திரும்பிய பிள்ளை வேறொரு வழி தேடுவது இயல்புதான். அதற்காக உன்னைக் கடிந்துகொள்ள நான் இதை எழுதவில்லை. ஆனால் உன் முடிவுக்குத் துணையாக நீ லாரி ஓவிங்ஸ் என்ற பழைய மல்லரைப் பேச்சில் அழைத்து வந்தாய். பதினாறு பவுண்டு கீழிறங்கி வந்து, அதுவரை தோல்வியே காணாத மல்லர் டான் கேபிளையே சாய்த்தவர் அவர், எனக்கு எட்டுப் பவுண்டு முடியாதா என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. பேச்சில் எப்போதும் நான் பின்தங்கியவன் என்பது உனக்குத் தெரியும். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

கேபிள் பிறந்து வளர்ந்த ஊருக்கு டிராக்டர் தொழிற்சாலை வேலைக்காக நாம் வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இங்கு மல்யுத்தம் தெரியாமல் யாரும் குடியிருக்க முடியாது. உனக்குப் பன்னிரண்டு வயதில், நகர மையத்தில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்கு உன்னை அழைத்துச் சென்ற செய்தியை அம்மா பாட்டிக்கு எழுதியபோது, "கேபிள்காரருக்கு எதற்கு அருங்காட்சியகம்" என்று பாட்டி பதில் எழுதியது உனக்கு நினைவிருக்கும். அன்று நீ சுவரில் இருந்த 181 வெற்றி, 1 தோல்வி என்ற கணக்கையே பார்த்துக்கொண்டு நின்றாய். இப்போதும் நீ அந்த ஒரு தோல்வியின் முன்னால்தான் நிற்கிறாய் என்று தோன்றுகிறது.

அந்த ஆட்டத்தின் பதிவை நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். 1970 மார்ச்சில், இல்லினாய் மாநிலத்து எவன்ஸ்டனில் நடந்த தேசியக் கல்லூரிப் போட்டியின் 142 பவுண்டு இறுதி ஆட்டம் அது. கேபிள் உயர்நிலைப் பள்ளியில் 64 ஆட்டங்களிலும், ஹெரால்ட் நிக்கல்ஸிடம் பயிற்சி பெற்ற அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அதுவரை 117 ஆட்டங்களிலும் ஒன்றில்கூடத் தோற்றிருக்கவில்லை. முதலாண்டு மாணவர்களைப் பிரதான அணியில் சேர்க்காத காலம் அது. ஆகவே அவருக்குக் கிடைத்தவை மூன்றே பருவங்கள், அம்மூன்றிலும் அவர் இறுதி ஆட்டம் வரை வந்தார். 182-ஆவது வெற்றியுடன் தோல்வியே காணாமல் விடைபெறப்போவதாகத் தொலைக்காட்சிக்கு ஓர் அறிவிப்பைப் பதிவு செய்வதில் ஆட்டத்துக்கு முன்பு மனம் சிதறியது என்பதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எதிரே நின்ற ஓவிங்ஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மாணவர். பள்ளிப் பையனாக இருந்தபோது, 1968 ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் கேபிளிடம் தோற்றவர். கேபிளைச் சந்திப்பதற்கென்றே 158-இலிருந்து இரண்டு பிரிவுகள் இறங்கி வந்ததாக வெளிப்படையாகச் சொன்னவர். தொடக்கத்தில் அவர் முந்தினார், கேபிள் எட்டிப்பிடித்துத் தாண்டினார், கடைசி ஒரு நிமிடத்துக்குள் ஓவிங்ஸ் அவரைக் கீழே கொண்டுவந்து முதுகையும் மெத்தைப் பக்கம் திருப்பிவிட்டார். 13-11 என்று ஆட்டம் முடிந்தது. அந்தப் போட்டியின் சிறந்த வீரராகவும் ஓவிங்ஸே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதுவரை உன் கதையும் என் கதையும் ஒன்றுதான். ஆனால் நீ இந்த இடத்தில் நிறுத்திவிட்டாய். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் ஓவிங்ஸ் இறுதி ஆட்டத்துக்கு வந்து இரண்டிலும் தோற்றார். அவருக்குக் கிடைத்த ஒரே தேசியப் பட்டம் அந்த இரவுக்கு உரியது. இதைச் சொல்லி அவரைச் சிறுமைப்படுத்த நான் விரும்பவில்லை, கேபிளை வீழ்த்திய ஒரே கல்லூரி மல்லர் என்ற பெயருக்கு ஈடாக எத்தனை பட்டங்களை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்க ஆட்கள் இருப்பார்கள். ஆனால் அவர் இறங்கி வந்தது ஒரு மனிதரைத் தேடி. நீ இறங்க நினைப்பது யாரையும் தேடியல்ல. 149-இல் உன்னைத் தோற்கடித்த இருவரிடமிருந்து ஒதுங்கிக்கொள்ளவே நீ இறங்குகிறாய் என்று எனக்குப் படுகிறது. தவறாக இருந்தால் திருத்து.

இன்னொரு கணக்கையும் பார். தொழிற்சாலைகளில் முப்பது வருடம் எண்களோடு பழகியவனின் பார்வை இது, பொறுத்துக்கொள். கேபிள் பள்ளியில் பெற்ற மூன்று மாநிலப் பட்டங்களும் முறையே 95, 103, 112 பவுண்டுப் பிரிவுகளில் பெற்றவை. கல்லூரியில் 1968-இல் 130, 1969-இல் 137, 1970-இல் 142. (இந்தக் கடைசி உயர்வுக்குப் பிரிவுகளின் எல்லையே அந்த ஆண்டு மாற்றப்பட்டதும் ஒரு காரணம் என்பதை மறைக்க மாட்டேன்.) தோல்விக்கு மறு ஆண்டு, பல்கேரியாவின் சோஃபியா நகரில் உலகப் பட்டம் வென்றது 68 கிலோவில்; 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதும் அதே 68 கிலோவில். அதாவது ஏறத்தாழ 150 பவுண்டு, உன் இன்றைய பிரிவை விட ஒரு பவுண்டு மட்டுமே கூடுதல். அக்காலத்து மல்லர் எல்லாரையும்போல அவரும் எடை குறைத்தவர்தான், அதை நான் மறுக்கவில்லை. என்றாலும் தோற்ற பிறகு அவர் எளிய எதிரிகளைத் தேடிக் கீழே இறங்கவில்லை. உடல் வளர வளர மேலே ஏறினார், ஏறிய இடத்தில் ஆட்டத்தைக் கூர்மையாக்கினார். 1972 ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஓவிங்ஸ் மறுபடியும் எதிரே வந்தபோது கேபிள் 7-1 என்று வென்றார். மியூனிக்கில், முன்பே அடிபட்டிருந்த முழங்காலோடும், முதல் ஆட்டத்திலேயே தலையில் பட்ட காயத்துக்குப் போட்ட தையலோடும் ஆடி, ஒருவருக்கும் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. அவரை வீழ்த்தவென்றே ஆளைத் தேடி அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்த சோவியத் நாட்டின் அஷுரலியேவும் அவரிடம் தோற்றார்.

பயிற்சியாளராக அவர் செய்தவற்றை நீ என்னைவிட நன்றாக அறிவாய்: அயோவா பல்கலைக்கழகத்தில் 21 பருவங்கள், 15 தேசியப் பட்டங்கள், அவற்றில் 1978 முதல் 1986 வரை தொடர்ந்து ஒன்பது. பத்தாவதுக்கு முன்கூட்டியே உடையில் ரோமானிய எழுத்தில் பத்து என்று பொறித்துக்கொண்டு போய், அதை அவருடைய பழைய கல்லூரியான அயோவா ஸ்டேட்டிடமே இழந்த கதையைச் சொல்லி நீ சிரிப்பாய். 182-ஐ முன்கூட்டி அறிவித்த மனிதருக்கு இது இரண்டாம் முறை என்று நான் சொல்வேன்.

அவருடைய கடைசிப் பட்டம் 1997 மார்ச்சில், நம் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் உள்ள சீடர் ஃபால்ஸ் அரங்கில் கிடைத்தது. இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊன்றுகோலுடன் அமர்ந்திருந்த அவருக்கு அணி 170 புள்ளிகளைக் குவித்துக் கொடுத்தது. அது 2024 வரை முறியடிக்கப்படாத எண்ணிக்கை. அதே ஆண்டின் இறுதியில் நடந்ததை உன் பயிற்சி அறைச் சுவர்களில் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். நவம்பர் 7 முதல் டிசம்பர் 9 வரை, ஐந்து வாரங்களுக்குள், மூன்று வெவ்வேறு மாநிலங்களில் மூன்று கல்லூரி மல்லர்கள் எடையைக் குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். ரப்பர் உடை அணிந்து, சூடேற்றிய அறையில், தண்ணீரைத் தவிர்த்து, மிதிவண்டிப் பொறியை மிதித்துக்கொண்டே உடல் கொதித்து உயிர் போனது. மூவரும் பத்தொன்பதுக்கும் இருபத்திரண்டுக்கும் இடைப்பட்ட வயதினர். உன் வயதினர்.

அதன் பிறகுதான் விதிகள் மாறின. ரப்பர் உடையும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டன. முந்தைய நாளே எடை பார்த்துவிட்டு இரவெல்லாம் தண்ணீர் குடித்துத் தேறிக்கொள்ள இடமளித்த வழக்கம் போய், ஆட்டத்துக்கு ஓரிரு மணி நேரத்துக்கு முன்பு எடை பார்க்கும் முறை வந்தது. பருவத் தொடக்கத்தில் சிறுநீரைச் சோதித்து, உடல் கொழுப்பை அளந்து, ஐந்து சதவீதக் கொழுப்புக்குக் கீழே யாரும் போகாதபடியும், வாரத்துக்கு ஒன்றரை சதவீதத்துக்கு மேல் எடை குறையாதபடியும் ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை குறிக்கப்பட்டது. எடைப் பிரிவுகளும் உயர்த்தப்பட்டன. 118 இருந்த இடத்தில் 125 வந்தது, 126 இருந்த இடத்தில் 133, 134 இருந்த இடத்தில் 141. கேபிளும் ஓவிங்ஸும் மோதிய அந்த 142, 149 ஆயிற்று.

தம்பி, இதைக் கண்டுபிடித்த பிறகு நேற்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ நிற்கும் 149 என்ற எண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 142-உடன் ஏழைக் கூட்டினார்கள். அந்த ஏழு பவுண்டைக் கூட்டுவதற்கு மூன்று வீடுகளில் பிள்ளைகள் போக வேண்டியிருந்தது. அந்த ஏழையும் திருப்பிக் கொடுத்து, மேலும் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க நீ பேசிக்கொண்டிருக்கிறாய். கோடையில் நீ வீட்டில் இருக்கும்போது உன் இயல்பான எடை 162. இப்போதே பதின்மூன்று பவுண்டு இறங்குகிறாய், இனி இருபத்தொன்று.

நீ பதினோராம் வகுப்பில் இருந்தபோது, பொங்கல் அன்று சர்க்கரைப் பொங்கலை மோந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாய். மல்யுத்தப் பருவம் தீபாவளிக்குத் தொடங்கி மார்ச்சில்தான் முடிகிறது. இந்த நாட்டில் இதற்கு வேறு மாதங்களே கிடைக்கவில்லையா என்று அம்மா புலம்புவாள். அன்று இரவு குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவிக்குள் குப்பைப் பையை மாட்டிக்கொண்டு குதித்து, மயங்கி விழுந்து, அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு மறைத்துவிட்டாய். அக்கா கல்யாணத்துக்குப் பிறகுதான் எங்களிடம் சொன்னாள். அதை இன்றுவரை நான் உன்னிடம் கேட்கவில்லை, இப்போதும் கேட்பதற்காகச் சொல்லவில்லை.

சொல்லாமல் விடப்படும் செய்திகளைப் பற்றி நினைக்கும்போது எனக்குக் கேபிளின் வாழ்க்கையில் வரும் இன்னொரு பகுதி ஞாபகம் வருகிறது. 1964-இல் முதல் மாநிலப் பட்டம் வென்ற சில மாதங்களில், பெற்றோரும் அவரும் மீன்பிடிக்க வெளியூர் போயிருந்தபோது, வீட்டில் தனியாக இருந்த பத்தொன்பது வயது அக்காள் டயான் கொலை செய்யப்பட்டார். செய்தவன் அக்கம்பக்கத்துப் பையன். அவன் முன்பு டயானைப் பற்றித் தகாத விதமாக ஏதோ சொல்லியிருந்தான். கேபிள் அதை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் தந்தையிடம் சொன்னார். பதினைந்து வயதுப் பையன் அதைப் பெரிதாக எண்ணாதது குற்றமாகாது. ஆனாலும் அந்தப் பாரத்தை அவர் சுமந்தார். பெற்றோர் அந்த வீட்டில் இருக்க முடியாமல் விற்றுவிட எண்ணியபோது, அக்காளின் அறைக்குத் தன் கட்டிலை மாற்றிக்கொண்டு, வீட்டை விட வேண்டாம் என்றார். குடும்பம் அங்கேயே இருந்தது. அவருடைய ஆவேசமான பயிற்சியைப் பற்றி உன் நண்பர்கள் பேசும்போதெல்லாம் நான் அந்த அறையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். வீட்டில் அழுதுகொண்டிருந்த இருவருக்கு ஏதாவதொரு மகிழ்ச்சியைக் கொண்டுவர ஒரு பையனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றாகத்தான் இருந்தது.

எங்களுக்கு அப்படி ஏதும் நீ கொண்டுவர வேண்டியதில்லை. 149-இல் மூன்றாவது இடத்திலோ முப்பதாவது இடத்திலோ நீ இருந்தால் உன் அம்மாவுக்கு வேறுபாடு தெரியாது, எனக்குத் தெரியும், இருந்தும் பரவாயில்லை. உன் ஆட்டத்தில் எனக்குத் தெரிந்த குறை ஒன்றைச் சொல்லவா? கீழே இருக்கும்போது எழுந்திருக்க உனக்கு நேரமாகிறது. மண்டலப் போட்டியில் தோற்ற இரண்டு ஆட்டங்களிலும் எதிரி உன் மேல் ஏறி இருந்த நேரத்துக்கே ஒரு புள்ளி போனது. இரண்டாவதில் தோல்வியின் இடைவெளியே அந்த ஒரு புள்ளிதான். அதற்கு மருந்து எடைப் பொறியில் இல்லை. நிச்சயமாக உன் பயிற்சியாளருக்கு இது என்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை அவரிடம் போகும்போது பிரிவைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைக் கேள். கேட்ட பிறகும் 141 என்றே உனக்குத் தோன்றினால், நீ இருபது வயது ஆள், முடிவு உன்னுடையது. ஆனால் மருத்துவப் பரிசோதனையில் அவர்கள் குறித்துக் கொடுக்கும் எல்லை எவ்வளவு என்பதை எனக்கு எண்ணாகவே எழுதி அனுப்பு.

நிலவறையில் நீ வைத்திருந்த எடைப் பொறி இன்னும் இருக்கிறது. ஊருக்குப் போகும் பெட்டி இருபத்து மூன்று கிலோவைத் தாண்டுகிறதா என்று பார்க்க அம்மா அதை மேலே கொண்டுவந்துவிட்டாள். பருப்புப் பொடியும் முறுக்கும் தனியாக அனுப்பியிருக்கிறாள், புதன்கிழமை வந்து சேரும். பருவம் முடிந்துவிட்டது, சாப்பிடு. வியாழன் இரவு நான் விழித்திருப்பேன், எந்நேரமானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா