பதினோராம் வகுப்புப் பெற்றோருக்கு: வெள்ளிக்கிழமை வாசிப்பு வகுப்பு பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, "கடைசி பீரியட்ல ஏதோ கதை படிக்கிறாங்களாமே, பரீட்சைக்கு வருமா மேடம்?" என்று கேட்டார். வராது. அதை அன்றைக்கே சொல்லிவிட்டேன். அப்புறம் எதற்கு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்த மாதம் எடுத்துக்கொண்டது பானு முஷ்தாக்கின் 'ஹார்ட் லேம்ப்' தொகுப்பின் தலைப்புக் கதை. அவர் கர்நாடகத்து ஹாசன்காரர், வழக்கறிஞர், கன்னடத்தில் எழுதுகிறவர். தீபா பாஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2025இல் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது; 50,000 பவுண்டு, ஆளுக்குப் பாதி. (மொழிபெயர்த்தவருக்கும் சரிபாதி என்றதும் தமிழ் ஐயா முகத்தில் ஒரு சிரிப்பு. ஆங்கிலத்தைப் பார்த்து வகுப்பில் தமிழாகச் சொல்லிக்கொண்டு போகிறவர் அவர்தானே.)

கணவன் கைவிட்ட மெஹ்ருன் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். மானம் போய்விடும் என்று கூடப்பிறந்தவர்களே திருப்பிக் கொண்டுபோய் விடுகிறார்கள். ராத்திரி அவள் மண்ணெண்ணெயை எடுக்கிறாள். மூத்த மகள் கெஞ்சித் தடுக்கிறாள். அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாமா என்று யோசித்தோம். போகவில்லை.

"ஒரு ராத்திரியாவது தங்க வெச்சிருக்கலாமே மிஸ்" என்றாள் ஒரு பெண். பேச்சு அங்கிருந்து நம் வீடுகளுக்கு வந்துவிட்டது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளிமாநிலத்தாருக்கு மாடியை வாடகைக்கு விடும் வீட்டுப் பிள்ளைகள் நம்மிடம் உண்டு. ஒரு பையன் சொன்னான்: மேல்மாடிக்கு வந்த கொல்கத்தா அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவன் அம்மாவுக்கு வங்காளம் தெரியாது. முதல் வாரம் கடுகெண்ணெய் வாசனைக்கு இவர்கள் வீட்டு ஜன்னலைச் சாத்தினார்களாம். மூன்றாவது வாரம் கீழிருந்து ரசம் மேலே போக, மேலிருந்து மீன் குழம்பு கீழே வந்திருக்கிறது. ஊருக்குப் போகும்போது அந்த அம்மா எண்ணெய்ப் பாட்டிலை இவர்களிடமே விட்டுப் போனார். "இன்னும் அலமாரியில இருக்கு மிஸ். அவங்க எப்படி இருக்காங்கன்னு தெரியல."

உங்களிடம் ஒரு வேலை. உங்கள் வீட்டில் யார் யாரோ வந்து தங்கியிருப்பார்கள், அல்லது நீங்கள் யார் வீட்டிலாவது தங்கியிருப்பீர்கள். அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். சண்டை போட்டதையும் சேர்த்து. அவர்கள் இரண்டு பக்கம் எழுதி வரட்டும், பெயர்கள் வேண்டாம். பிழை திருத்திக் கொடுக்காதீர்கள், அது எங்கள் பாடு.

வகுப்பு 4.30க்கு முடியும். குடியாத்தம் பஸ் பிடிக்கிறவர்களைப் பத்து நிமிடம் முன்னதாகவே அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
வேலூர்